கணிப்பொறியின் வெம்மையும் காற்றின் பணியும்

உழைப்பு உள்ள இடமெல்லாம் வெம்மை உண்டு. கொல்லனின் உலைக்களத்தில் மட்டுமன்று. ஓடிக் களைத்த குதிரையின் உடலிலும், அரைத்து ஓய்ந்த திரிகைக் கல்லிலும் அது தங்கி நிற்கிறது. எண்ணையும் எழுத்தையும் தவிர வேறெதனையும் சுமவாத கணிப்பொறிக்கு வெம்மை எங்கிருந்து வந்தது என்று வியப்போர் உளர். அதன் செயலிக்குள் கோடிக்கணக்கான நுண்வாயில்கள் உள்ளன. அவை நொடிக்குப் பல நூறு கோடி முறை திறந்து மூடும் கதியில் இயங்குகின்றன. உள்ளே செல்லும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. கணிப்பொறி தரும் விடைக்கு எடையில்லை. அவ்விடையைத் தேடிய உழைப்புக்குச் சூடு உண்டு.

அச்சூட்டை அகற்றும் கருவி ஒன்றைத் தனியே விலை கொடுத்து வாங்கலாமா, வேண்டாமா என்று நாம் ஆய்ந்த வரலாறே இக்கட்டுரை. தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். ஒரு பொருளின் தகுதியை விலையாலும் விளம்பரத்தாலும் மதியாமல், அளந்தறிந்து மதிப்பது எல்லாத் துறையினர்க்கும் பொதுவான பாடம் அன்றோ? அதுவே நம் விடை.

தேவை பிறந்த இடம்

நம் துறை அறையில் மேசைக் கணிப்பொறி ஒன்று உண்டு. பழைய மலர்களின் பக்கங்களை ஒளிவருடி, அவற்றை எழுத்துணரி மென்பொருளால் திருத்தத்தக்க எழுத்துகளாக மாற்றுவது அதன் முதற்பணி. ஊர்ப் பெரியோரை அழைத்து, அவர்தம் நாவில் மட்டுமே வாழும் தொழிற்சொற்களை ஒலிப்பதிவு செய்வது இரண்டாம் பணி. முதற்பணி செயலியை முழு வலிமையோடு மணிக்கணக்கில் உழைக்க வைக்கும். இரண்டாம் பணிக்கு அமைதி வேண்டும். பணிகள் இரண்டு, அறையோ ஒன்று, பொறியும் ஒன்று.

கோடைக்காலத்தில் இடர் பெரிதாயிற்று. செயலியின் மேல் அமர்ந்திருந்த சிறு விசிறி இரைந்து சுழன்றது. எழுத்துணரியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தால் ஆகாதா என்றால், அவ்வாறே செய்தோம். ஆயினும் ஒரு கோப்பைத் திறந்தால் ஒரு சீற்றம், ஓர் ஒலித்துண்டைச் சேமித்தால் மற்றொரு சீற்றம் என விசிறி ஏறியும் இறங்கியும் ஒலித்தது. ஒரே சீராக ஒலிக்கும் இரைச்சலைக் காது மறந்துவிடும். ஏறி இறங்கும் இரைச்சலை மறவாது.

தோணித் தொழிலில் இளமையைக் கழித்த, எண்பதைக் கடந்த முதியவர் ஒருவர் பதிவுக்கு வந்திருந்தார். மாணவர்கள் அவரை 'அப்பா' என்று அழைப்பர். கடற்கரை ஊர்களில் பாட்டனாரை அழைக்கும் முறை அது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, எக்காற்றுக்குப் பாயை எவ்வாறு திருப்புவது என விளக்கத் தொடங்கியவர் இடையில் நின்றார். "இந்த மிஷினு கொஞ்சம் நிக்கட்டும் வாப்பா. அதுவும் பேசி நானும் பேசுனா நீ யாரு பேச்சைக் கேப்பே?" என்றார். பதிவு செய்வதே அந்தப் பொறிதான். அதை எவ்வாறு நிறுத்துவது?

இரைச்சலைக் களையும் மென்பொருள்கள் உள்ளன. அவற்றையும் பயன்படுத்திப் பார்த்தோம். விசிறியின் இரைச்சல் காற்றொலி. நம் மொழியில் 'சோழகம்' என்னும் சொல்லின் இடையே வரும் மெல்லிய ககரமும் காற்றொலியே. மென்பொருள் முன்னதைச் சீவும்போது பின்னதையும் சேர்த்தே சீவியது. முதியவரின் குரல் கிடைத்தது. சொல்லின் விளிம்பு கிடைக்கவில்லை. அச்சொற்களை அறிந்தோர் ஊரில் இன்னும் எத்தனை பேர்? அவர்களை எத்தனை முறை அழைப்பது? இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே தணிக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தோம்.

செலவில்லா மருந்து

முன்னாள் மாணவர்கள் ஒலிவாங்கி வாங்கத் தந்த தொகையில் சிறிது எஞ்சியிருந்தது. அதனைக் கொண்டு குளிர்விப்பான் வாங்க இசைவு கேட்டபோது, கல்லூரியின் மூத்தவர் ஒருவர் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். "வாங்குமுன் நிலை என்ன, வாங்கியபின் நிலை என்ன என்று எண்ணால் எழுதிக் காட்டுங்கள். பிறர் தந்த பணத்திற்கு 'நன்றாக இருக்கிறது' என்னும் சொல் கணக்காகாது" என்றார். அச்சொல்லே நம் ஆய்வுக்கு வழிகாட்டிற்று.

பணம் செலவழிக்குமுன் பணமின்றி ஆவதைச் செய்துவிட வேண்டும். கேபினெட்டைத் திறந்து தூசியைத் துடைத்தோம். அலுமினியத் தகடுகளின் இடுக்கில் கம்பளம் போலத் தூசி படிந்திருந்தது. பின்னர்ப் பழைய பசையை நீக்கிப் புதிதாக இட்டோம். செயலியின் மேற்பரப்பும் குளிர்விப்பானின் அடிப்பரப்பும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும், இரண்டிற்கும் இடையே நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு வல்லது. ஆதலால் அச்சிறு காற்றிடைவெளியும் பெருந்தடையே. அதனை நிரப்புவதே பசையின் பணி. அது தானாகக் குளிர்விப்பது இல்லை.

இவ்விரண்டினால் மட்டுமே உச்ச வெப்பம் 92 டிகிரியிலிருந்து 86 டிகிரி செல்சியசுக்கு இறங்கிற்று. தூசியோடு இருந்த பழைய கருவியையும் துடைத்துப் பொருத்திய புதிய கருவியையும் ஒப்பிட்டிருந்தால், துடைப்பத்தின் புகழைக் குளிர்விப்பான் தட்டிச் சென்றிருக்கும்.

கருவியின் உள்ளியல்பு

கடையில் சென்று 'ஏர் கூலர்' என்று கேட்டால், அறையைக் குளிர்விக்கும் நீர்ப்பெட்டியைக் காட்டுவர். நாம் சொல்வது அதுவன்று. செயலியின் மேல் பொருத்தி, காற்றின் துணையால் அதன் வெப்பத்தை அகற்றும் கருவி. 'சி.பி.யூ. கூலர்' என்றால் கடைக்காரர்க்கு விளங்கும்.

இதன் தேவை நாளடைவில் வளர்ந்தது. 1993இல் வெளிவந்த முதல் பென்டியம் செயலிகளுள் 66 மெகாஹெர்ட்ஸ் வகை ஏறத்தாழ 16 வாட் வரை வெப்பம் உமிழ்ந்தது. அதுவே அன்று மிகுதி எனக் கருதப்பட்டது. இன்று நடுத்தரச் செயலிகளின் பெட்டி மேலேயே 65 வாட் என்று காண்கிறோம். அந்த எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. 65 வாட் எனக் குறிக்கப்பெற்ற ஏஎம்4 வகைச் செயலிகள் இயல்பான அமைப்பில் 88 வாட் வரை மின்னாற்றல் கொள்ள இடமுண்டு. இன்டெல் ஐ5-12400 செயலியின் அடிப்படை அளவு 65 வாட். விரைவுநிலையின் உச்ச அளவு 117 வாட். எனவே பெட்டி மேல் உள்ள எண்ணைப் பார்த்துக் குளிர்விப்பானைத் தேர்ந்தெடுப்பது, விருந்தினர் தொகையைக் கேளாமல் உலை வைப்பது போன்றது.

செயலியோடு இலவசமாக வரும் குளிர்விப்பான் பெரும்பாலும் ஓர் அலுமினியப் பாளமும் அதன் மேல் ஒரு சிறு விசிறியுமே. தனியே விற்கப்படும் கோபுர வகையின் அமைப்பு வேறு. அதன் அடியிலிருந்து செப்புக்குழாய்கள் மேலெழுந்து, அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகளை ஊடுருவிச் செல்லும். தகடுகளின் பக்கவாட்டில் பெரிய விசிறி நிற்கும்.

அந்தச் செப்புக்குழாய்தான் இக்கருவியின் உயிர். அது திடமான கம்பியன்று. இருபுறமும் மூடிய உள்ளீடற்ற குழாய். காற்றை நீக்கிய அதன் உள்ளே சிறிதளவு நீர் உண்டு. உட்சுவரில் திரி போன்ற நுண்துளைப் படலமும் உண்டு. அழுத்தம் குறைந்த இடமாதலின் நீர் மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவி வெப்பத்தைச் சுமந்து மேலே விரையும். குளிர்ந்த தகடுகளின் அருகே மீண்டும் நீராகி வெப்பத்தைக் கொடுக்கும். திரியின் வழியே ஊர்ந்து அடிக்குத் திரும்பும். எண்ணெயைத் திரி உறிஞ்சும் அதே நுண்புழை ஈர்ப்பு இங்கும் வேலை செய்கிறது. இக்கருத்துக்கு 1944இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ரிச்சர்ட் காக்ளர் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பெற்றது. 1963இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதனைத் தனியே கண்டு செயற்படுத்தினார். விண்வெளிப் பயன்பாட்டுக்கென வளர்ந்த கருவி இன்று நம் மேசையடியில் நிற்கிறது.

விசிறியின் அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. பெரிய விசிறி மெல்லச் சுழன்றே, சிறிய விசிறி விரைந்து சுழன்று தள்ளும் காற்றைத் தள்ளிவிடும். ஒரே விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் ஒலி ஏறத்தாழ 15 டெசிபெல் தாழும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. நமக்கு வேண்டியது இதுவே.

தேர்வும் பொருத்தமும்

பெரியதெல்லாம் சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 2014இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-டி15 என்னும் இரட்டைக் கோபுரம் 165 மில்லிமீட்டர் உயரம் உடையது. நம் கேபினெட்டோ 160 மில்லிமீட்டர் வரையே இடம் தருவது. உயரத்தை அளவாமல் வாங்கியிருந்தால் பக்கக் கதவைக் கழற்றி வைத்தே வாழ வேண்டியிருக்கும். நீரால் குளிர்விக்கும் வகையும் உண்டு. அதில் இறைப்பி பழுதுபட்டால் அப்பகுதியை முழுதும் மாற்ற நேரும். காற்று வகையில் பழுதுபடக் கூடியது பெரும்பாலும் விசிறி ஒன்றே; அதை எந்த ஊரிலும் மாற்றலாம். ஆதலால் 155 மில்லிமீட்டர் உயரமும், நான்கு செப்புக்குழாய்களும், 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட ஒற்றைக் கோபுரத்தைத் தேர்ந்தோம். விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல்.

பொருத்தும்போது மாணவர்கள் அறிந்துகொண்ட செய்திகள் சில. பழையதைக் கழற்றுமுன் பொறியைச் சற்று நேரம் ஓடவிட்டு, பசை இளகியபின் நிறுத்தி, மின்னிணைப்பைப் பிரித்துவிட்டு, குளிர்விப்பானை இடம் வலமாகத் திருகியே எடுக்க வேண்டும். அடியில் முள்கள் அமைந்த செயலியாயின், நேரே இழுத்தால் பசையோடு ஒட்டிச் செயலியும் பெயர்ந்து வந்து முள்கள் வளைந்துவிடும். புதியதன் அடியிலுள்ள மெல்லிய காப்புத்தாளை உரிக்க வேண்டும். திருகுகளை ஒன்றை முழுதும் இறுக்கிய பின் மற்றொன்று என்றில்லாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் ஒருபுறமாகச் சாயாது.

அளந்தறிந்த முறை

மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, வேலை ஒன்றாக இருத்தல் வேண்டும். பழைய மலர் ஒன்றின் அதே இருநூறு பக்கங்களை எழுத்துணரிக்குத் தந்தோம்.

இரண்டாவது, அறையின் வெப்பத்தைக் கழித்தே கணக்கிட வேண்டும். காற்றால் குளிர்விக்கும் எக்கருவியும் செயலியை அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்க இயலாது. பிற நாட்டில் 22 டிகிரி அறையில் 65 டிகிரி காட்டிய கருவி, நம் 34 டிகிரி அறையில் 77 டிகிரியை ஒட்டிக் காட்டும். அது கருவியின் குற்றமன்று. மார்கழியில் ஒன்றையும் சித்திரையில் மற்றொன்றையும் அளந்து ஒப்பிடுவோர் பருவத்தையே அளக்கின்றனர். இயற்பியல் துறையிலிருந்து வெப்பமானி ஒன்றை இரவலாகப் பெற்றுப் பொறியின் அருகே தொங்கவிட்டோம்.

மூன்றாவது, உண்மையில் பயன்படுத்தும் நிலையிலேயே அளக்க வேண்டும். கேபினெட்டின் கதவைத் திறந்து வைத்து அளந்தால் எண் அழகாக இருக்கும். ஆனால் நாம் கதவை மூடியே பயன்படுத்துகிறோம். உள்ளே தேங்கும் வெங்காற்றையே விசிறி மீண்டும் மீண்டும் சுற்றினால் சிறந்த குளிர்விப்பானும் தளரும். பின்புறம் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

கண்டது என்ன?

இரு நாள்களின் பிற்பகலிலும் அறை வெப்பம் 33 டிகிரி. பழைய குளிர்விப்பானில், தூசி நீக்கிய பின்னரும் செயலி எட்டியது 86 டிகிரி. அறையைவிட 53 மிகுதி. புதியதில் எட்டியது 67 டிகிரி. அறையைவிட 34 மிகுதி. பதிவுக்கு வைத்த ஒலிவாங்கியை நகர்த்தாமலே இரண்டு நாளும் இரைச்சலைப் பதிந்து பார்த்ததில், இரண்டாம் நாளின் அளவு ஏறத்தாழ 12 டெசிபெல் தாழ்ந்திருந்தது. பயாசில் விசிறியின் வேகம் மெல்ல ஏறி மெல்ல இறங்குமாறு அமைத்தபின், அந்தச் சீற்றங்களும் அடங்கின.

இனி மாணவர்கள் ஆவலோடு எதிர்பார்த்த எண். இருநூறு பக்கங்களை முடிக்க முன்பு 41 நிமிடம். பின்பு 40 நிமிடம். அவ்வளவே! பத்தொன்பது டிகிரி இறங்கியும் பொறியின் விரைவு பெரிதாகக் கூடவில்லை. இதில் வியப்பில்லை. செயலி தன் வெப்ப வரம்பை எட்டும்போதுதான் தன்னைக் காக்க வேகத்தைப் பெரிதும் குறைக்கும். பல செயலிகளுக்கு அவ்வரம்பு 90 முதல் 100 டிகிரி வரை உள்ளது. 86 டிகிரியில் நின்ற நம் செயலி அவ்வரம்பைத் தொடவில்லை. தடையே இல்லாத இடத்தில் தடையை நீக்கினால் வேகம் எங்கிருந்து வரும்?

மற்றொரு செய்தியும் சொல்ல வேண்டும். அறை சிறிதும் குளிரவில்லை. குளிர்விப்பான் வெப்பத்தை அழிப்பதில்லை. செயலியிலிருந்து எடுத்து அறைக்குக் கொடுக்கிறது. செயலி எண்பது வாட் உண்டால் அறைக்கு எண்பது வாட் வந்தே தீரும். பெயரில் குளிர்ச்சி இருப்பதால் நம் மேல் குளிர்ந்த காற்று வீசும் என்று எண்ணுதல் கூடாது.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி மூத்தவரிடம் கொடுத்தோம். அவர் கண்கள் 41, 40 என்னும் எண்களில் நின்றன. "வேகத்துக்காக வாங்கியிருந்தால் இது வீண் செலவு" என்றார். ஆம் என்றோம். "நீங்கள் கேட்டது அமைதியை. அது கிடைத்திருக்கிறது" என்று சொல்லிக் கையொப்பம் இட்டார். அடுத்த வாரம் தோணிக்காரப் பெரியவர் மீண்டும் வந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார், ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. பதிவில் அவர் ககரம் ககரமாகவே ஒலிக்கிறது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டா?

கடிதம் எழுதவும், பாடக்குறிப்பு அச்சிடவும், இணையத்தில் செய்தி படிக்கவும் மட்டும் கணிப்பொறியைப் பயன்படுத்துவோர்க்கு இக்கருவி தேவையில்லை. பெட்டியோடு வந்ததே போதும். ஆண்டுக்கு இருமுறை தூசி துடைத்தால் நெடுநாள் உழைக்கும். 75 டிகிரியைக் கண்டு அஞ்சுவோர்க்கும் தேவையில்லை. செயலி அதைத் தாங்கவே படைக்கப்பட்டது. குளிர்விப்பானே இன்றி விற்கப்படும் உயர்வகைச் செயலியை வாங்குவோர்க்கும், செயலி வரம்பைத் தொட்டு வேகம் தளர்வதைக் கண்ணாரக் கண்டோர்க்கும், நம்மைப் போல் இரைச்சல் தொழிலுக்கே இடராக நிற்போர்க்கும் இது தக்க செலவு.

மாணவச் செல்வங்களே! எப்பொருளை வாங்கும்போதும் கடைக்காரர் காட்டும் எண்ணை மறுக்கவும் வேண்டா. அப்படியே நம்பவும் வேண்டா. நமக்கு எது குறை என்பதை முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். செலவில்லாமல் அக்குறை தீருமா என்று பாருங்கள். தீராதெனில், வாங்குமுன் ஒருமுறையும் வாங்கியபின் ஒருமுறையும் ஒரே அளவுகோலால் அளங்கள். சாதகமான எண்ணை எழுதும் அதே மையால் சாதகமற்ற எண்ணையும் எழுதுங்கள். நாம் மூத்தவரிடம் கொடுத்த தாள் துறைக் கோப்பில் இருக்கிறது. விரும்புவோர் வந்து பார்க்கலாம். வேறு கணிப்பொறியில், வேறு பருவத்தில், இதே முறையில் அளந்து வரும் மாணவரின் எண்களை அதன் கீழே எழுத இடமும் விட்டிருக்கிறோம்.